ஒரு கேள்வியில் தடுமாறியதற்காக மென்பொருள் துறையை விடலாமா?

விட வேண்டாம். நேர்காணலில், இரண்டு அணிகள் (array, எண்களை வரிசையாக வைத்திருக்கும் தொகுப்பு) சமமா என்று பார்க்க ஜாவா என்ற நிரல்மொழியில் நிரல் எழுதச் சொன்னபோது, அவற்றின் நடுவே இரட்டைச் சமக்குறியை (==) போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்த எண்கள் ஒன்றாகவே இருந்தும் 'பொய்' என்று விடை வந்திருக்கிறது. வளாக நேர்காணலில் இந்த இடத்தில் தடுமாறுகிறவர்கள் ஏராளம். அதற்காக, நீங்கள் கேட்பதுபோல், வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போவதா? வங்கி வேலை பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள், பயந்து போகாதீர்கள்.

ஜாவாவில் அந்தக் குறி அணிக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டு பெயர்களும் நினைவகத்தில் உள்ள ஒரே அணியைச் சுட்டுகின்றனவா என்பதை மட்டுமே சொல்லும். உள்ளிருக்கும் உறுப்புகளை ஒப்பிட அரேஸ்.ஈக்வல்ஸ் (Arrays.equals) என்ற ஆயத்தக் கட்டளை இருக்கிறது, அணிக்குள் அணி என்றால் அரேஸ்.டீப்ஈக்வல்ஸ் (Arrays.deepEquals). பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியின் பட்டியல்களில் அதே குறி உறுப்புகளையே ஒப்பிடும். நீங்கள் கல்லூரியில் பைத்தான்தான் அதிகம் எழுதினீர்கள் என்கிறீர்கள்; கை அந்தப் பழக்கத்தில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. "நூலகத்தைத் (ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பை) தொடாமல் எழுதுங்கள்" என்பார்கள். முதலில் இரண்டின் நீளத்தையும் பாருங்கள். வேறுபட்டால் அங்கேயே 'பொய்'. நீளம் ஒன்றானால், உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் மடக்கைத் (loop) தொடங்கி, முதல் வேறுபாடு கண்ட இடத்திலேயே 'பொய்' என்று வெளியேறுங்கள். 'மெய்' என்பது மடக்கு முழுவதும் முடிந்த பிறகுதான். முதல் உறுப்பு பொருந்தியதுமே 'மெய்' என்று திருப்பிவிடும் பிழையை மாணவர்களின் தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் வாய்விட்டுக் கேளுங்கள்: "வரிசை மாறியிருந்தாலும் சமம் என்று கொள்ளலாமா? தசம எண்கள் வருமா?" வரிசை மாறலாம் என்றால் இரண்டின் நகல்களையும் வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிட வேண்டும். தசம எண்கள் என்றால், கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 கிடைக்காது, ஆகவே எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். இப்படிக் கேட்கிற மாணவரை நேர்காணல் நடத்துபவர் எளிதில் மறக்க மாட்டார். வேலையில் சேர்ந்த பிறகும் இந்தக் கேள்விகளைத்தான் நாள்தோறும் கேட்கப்போகிறீர்கள்.

இதற்காகப் பணம் கட்டி இன்னொரு சான்றிதழ் படிப்பில் சேர வேண்டாம். தாளும் பேனாவும் எடுத்து எழுதுங்கள். வெற்று அணி, ஒரே உறுப்புள்ள அணி, கடைசி உறுப்பு மட்டும் மாறிய அணி ஆகியவற்றை அந்த நிரலில் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் சரியான விடை வந்தபின் இரு பரிமாண அணிக்கு எழுதத் தொடங்குங்கள்.