டிரெய்லர் டயர்: நெடுந்தூரம் இழுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இரண்டு ஆக்சில் டிரெய்லர் சார். டயரில் பட்டன் புதுசு மாதிரியே இருக்கிறது. ஆனாலும் போன பயணத்தில் ஒன்று வெடித்துவிட்டது. ஏன்?

பதில்: டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வயதானதாலோ சூடேறியதாலோதான் பெரும்பாலும் போகிறது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் அந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் தலையை விட்டு உள்பக்கம் பாருங்கள், அங்கே இருக்கும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டனைப் பார்த்து மயங்காமல் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு டயர் வெடித்தால் அதன் சுமை முழுக்க அதே பக்கத்து ஜோடி டயர் மேல் ஏறிவிடும். அப்படியே கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் அந்த ஜோடியையும் நம்பாதீர்கள். உள்ளே அடிபட்டது வெளியே தெரியாது.

கேள்வி: டயரில் காற்றழுத்தம் 80 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. 50 போதும், குலுங்காது என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: டிரெய்லரில் யார் உட்கார்ந்து வரப்போகிறார்கள், குலுங்காமல் இருக்க? காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும். அதில்தான் சூடு பிறக்கிறது. டிரெய்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அளவை வையுங்கள். காலையில் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். 80 வைப்பவர்கள் அதிக அழுத்தம் தாங்கும் வால்வு போட்டிருக்கிறதா, ரிம்முக்கும் அந்த அளவு ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் 80 வைத்தேன். மதியம் 90 காட்டுகிறது. கொஞ்சம் இறக்கிவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 80-இல் இருக்கும் டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடும், அது இயல்பு. சூட்டில் இறக்கினால் மறுநாள் காலை காற்றுப் பற்றாமல் ஓட்டுவீர்கள். நான்கு டயரில் எது தனித்து நிற்கிறது என்று பாருங்கள். மற்றதைவிடக் காற்று குறைவாக, சூடு அதிகமாக ஒன்று இருந்தால் பஞ்சராக இருக்கலாம். டயரோடு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பும் கொதித்தால் பேரிங்கையோ பிரேக்கையோ சந்தேகியுங்கள்.

கேள்வி: அண்ணே, 120-இல் போகலாமா?

பதில்: டிரெய்லருக்கென்றே செய்யும் எஸ்.டி. டயரில் வேக எழுத்து இல்லாவிட்டால் 105 கிலோமீட்டர்தான் உச்சம். எல் என்றால் 120, எம் என்றால் 130. அது டயரின் எல்லை. நான் 100-ஐத் தாண்டுவதில்லை.

கேள்வி: ஓடும்போது வெடித்தால்?

பதில்: பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, வேகம் குறைந்தபின் ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: கார் ஜாக்கியும் ஸ்டெப்னியும் டிரெய்லருக்கு உதவுமா?

பதில்: ஸ்டெப்னி பெரும்பாலும் சேராது, நட்டு ஓட்டைகளே வேறாக இருக்கும். டிரெய்லருக்குத் தனியாக ஒன்று, கூடவே நல்ல காற்றோடு. ஜாக்கியும் அதன் எடைக்கு ஏற்றதாக வேண்டும். கொக்கியைக் கழற்றாமல், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன இடத்தில்தான் ஜாக்கி. ஆக்சில் குழாய்க்கு நடுவில் கொடுத்தால் வளைந்துவிடும். மாட்டியபின் 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.