வாசகர் கேள்வி – பதில்: இத்தாலியின் மெட்டுக்காரர்களும் சிரிப்பு நடிகர்களும்

சென்ற இதழில் இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனே குறித்து இரண்டு வரி எழுதியிருந்தோம். அதையொட்டிக் கொங்கு வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: மோரிக்கோனே என்றாலே குதிரையும் துப்பாக்கியும் சீழ்க்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவர் தொடக்கத்திலிருந்தே கௌபாய் படங்களுக்குத்தான் இசையமைத்தாரா? (பொள்ளாச்சி வாசகர்)

இல்லை. தம் பெயரோடு அவர் முழுநீளப் படம் ஒன்றுக்கு முதன்முதலாக இசையமைத்தது 1961-இல். 'இல் ஃபெதராலே' என்னும் அந்தப் படம் ஒரு நகைச்சுவைப் படம். பாசிச ஆட்சி சரிந்துகொண்டிருக்கும் நாட்களில், எதிர்த்தரப்புப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்து ரோம் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்படும் அசட்டு விசுவாசியாக அதில் நடித்தவர், சிரிப்பு நடிகர்களில் முன்வரிசையில் இருந்த ஊகோ தொன்யாட்ஸி.

மோரிக்கோனே 1928-இல் ரோமில் பிறந்தவர். தந்தை டிரம்பெட் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். மகனும் அதே வாத்தியத்தைக் கற்று, சாந்தா செச்சீலியா இசைக் கல்லூரியில் பெத்ராஸி என்ற பெரிய ஆசானிடம் இசையாக்கமும் பயின்றார். ஆயினும் சோறு போட்டது ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தில் பிறருடைய பாடல்களுக்கு வாத்தியங்களைக் கோத்துக் கொடுத்த வேலைதான். நம் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் உதவியாளராக இருந்து எம்.எஸ். விஸ்வநாதன் தொழில் கற்றதை அறிந்தவர்களுக்கு இந்தப் பாதை புதிதாகத் தோன்றாது.

1964-இல் இயக்குநர் செர்ஜோ லியோனே தம் முதல் கௌபாய் படத்துக்கு இசையமைப்பாளரைத் தேடிச் சென்றபோதுதான், இருவரும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது தெரியவந்தது. அமெரிக்கப் படம் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக மோரிக்கோனேயின் பெயர் அதில் 'டான் சாவியோ' என்று மாற்றி அச்சிடப்பட்டது. நீங்கள் குறிப்பிடும் சீழ்க்கையும் அவருடையதன்று. அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனி என்ற கிட்டார் கலைஞருடையது. சாட்டையடியையும் மணியோசையையும் மெட்டுக்குள் நுழைக்கும் குறும்பு, சிரிப்புப் படங்களிலும் மூன்று நிமிடப் பாடல்களிலும் பழகிய கைக்கே எளிதில் வரும் என்பது என் கணிப்பு.

கேள்வி: 'காட்ஃபாதர்' படத்தின் இசைக்கான ஆஸ்கர் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டதாமே? நீனோ ரோத்தா பிறர் மெட்டைத் திருடினாரா? (திருப்பூர் வாசகர்)

பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது உண்மை. திருட்டு என்பது பொய். தம்முடைய மெட்டைத் தாமே மீண்டும் எடுத்தாண்டார், அவ்வளவுதான். 1958-இல் வந்த 'ஃபோர்துனெல்லா' என்ற நகைச்சுவைப் படத்துக்கு அவர் அமைத்த ஒரு மெட்டு, அங்கே துள்ளலான வேகத்தில் ஊர்வலப் பேண்டு போல ஒலிக்கும். அதையே நிதானப்படுத்திச் சோகம் ஏற்றியபோது 1972-இல் உலகமே முணுமுணுத்த காதல் மெட்டாயிற்று. ஏற்கெனவே பயன்படுத்திய இசை என்பதால் அகாடமி அவர் பெயரை நீக்கியது. அந்த ஆண்டு விருதைப் பெற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த 'லைம்லைட்' படம் லாஸ் ஏஞ்சலஸில் தாமதமாகத் திரையிடப்பட்டதால் போட்டிக்குத் தகுதி பெற்ற சார்லி சாப்ளின்! வேடிக்கை அதோடு முடியவில்லை. அதே மெட்டை மீண்டும் கொண்டிருந்த இரண்டாம் பாகத்துக்கு, கார்மைன் கொப்போலாவோடு சேர்த்து ரோத்தாவுக்கே விருதும் கிடைத்தது.

இத்தனைக்கும் அவர் திரையிசையை மட்டும் நம்பி வாழ்ந்தவர் அல்லர். 1950 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தென்னித்தாலியின் பாரி நகர இசைக் கல்லூரிக்கு இயக்குநராக இருந்துகொண்டே, 1952 முதல் 1979-இல் தாம் மறையும் வரை இயக்குநர் ஃபெலினியின் படங்களுக்கும் இசையமைத்தார்.

கேள்வி: இத்தாலியர் கொண்டாடும் தொத்தோ என்ற நடிகரைச் சாப்ளினைப் போல உலகம் ஏன் அறியவில்லை? (உடுமலை வாசகி)

உடுமலையிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம்தான். உங்கள் வட்டாரத்தில் பிறந்த கவுண்டமணி அவர்களின் ஒரு வசனத்தை வேற்று மொழியில் பெயர்த்துப் பாருங்கள்: பொருள் போய்ச் சேரும், 'போகோணும்' என்பதில் உள்ள இழுப்பும், மரியாதை போலத் தொடங்கி வசையாக முடியும் அந்தத் தொனியும் போய்ச் சேரா. நேப்பிள்ஸ் நகரின் சனித்தா என்ற ஏழைப் பகுதியில் 1898-இல் பிறந்த தொத்தோவின் கதையும் இதுவே. ஏறத்தாழ நூறு படங்களில் நடித்தும், அவருடைய சொல் விளையாட்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டவில்லை. மெட்டுக்குத் திரையின் அடியில் மொழிபெயர்ப்பு வரிகள் தேவையில்லை. ரோத்தாவும் மோரிக்கோனேயும் அதனால் எளிதாகக் கடல் கடந்தார்கள்.

இத்தனைக்கும் தொத்தோவிடமும் இசை இருந்தது. 'மாலஃபெம்மெனா' என்ற நேப்பிள்ஸ் பாடலின் சொல்லும் மெட்டும் அவருடையவையே. 1957 முதல் கண்பார்வை ஏறக்குறைய முற்றிலும் மங்கிவிட்ட பிறகும் அவர் படப்பிடிப்புத் தளத்தில் தடுமாறாமல் நடித்தார். ஆனால் திரையைப் பார்த்து உதட்டசைவுக்கு ஏற்பப் பேச முடியாததால், பிற்காலப் படங்களின் டப்பிங்கில் கார்லோ க்ரோக்கொலோ என்ற நடிகர் அவருக்காகக் குரல் கொடுக்க நேர்ந்தது. 1966-இல் பசோலினி இயக்கிய, பேசும் காக்கை வரும் படத்துக்காக கான் திரைப்பட விழாவில் அவர் சிறப்புப் பாராட்டுப் பெற்றார். அப்படத்துக்கு இசை மோரிக்கோனே. நடிகர்கள், கலைஞர்கள் பெயரையெல்லாம் அச்சில் காட்டியது போதாதென்று பாட்டாகவே பாட வைத்திருக்கிறார். மறுஆண்டு தொத்தோ இறந்தபோது இறுதிச் சடங்குகள் மூன்று நடந்தன. ரோமிலும் நேப்பிள்ஸிலும் முடிந்த பின், பிறந்த சனித்தா மக்கள் வெறும் பெட்டியை வைத்தே தனியாக ஒன்றை நடத்தினார்கள்.

கேள்வி: ஒரே நடிகரோடு நெடுங்காலம் இணைந்திருந்த இசையமைப்பாளர் உண்டா? (கோபி வாசகர்)

அல்பெர்த்தோ சோர்தியோடு பியேரோ பிச்சோனி இணைந்திருந்தார். பிச்சோனி வழக்கறிஞருக்குப் படித்தவர், அரசியல்வாதியின் மகன். நடிகர் சோர்தி, இத்தாலியில் லாரல்-ஹார்டி இணையின் ஆலிவர் ஹார்டிக்கு டப்பிங் குரல் கொடுத்துப் பெயர் பெற்றவர். சோர்தி 1966-இல் தாமே படம் இயக்கத் தொடங்கியபோதும் இசைக்கு அவர் அழைத்தது பிச்சோனியையே.

கேள்வி: இத்தாலிய நடிகர் பட் ஸ்பென்சர் நீச்சல் வீரராமே? (பவானி வாசகர்)

ஆம். இயற்பெயர் கார்லோ பெதெர்சோலி. நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர் அவர். 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்துகொண்டார். அந்த உடம்பைப் பார்த்து நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு பெருத்தது அதற்குப் பிறகு.