ஜப்பான் ஃபவுண்டேஷனை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், ஜப்பானிய மொழி கற்று, ஜப்பான் ஃபவுண்டேஷன் வழியாக அந்நாட்டுக்கு ஆய்வு செய்யச் செல்ல விரும்புவதாகவும், அது ஏதேனும் தனியார் ஏஜென்சியாக இருக்குமோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் வேண்டாம். பிற நாட்டு மக்களுடன் புரிந்துணர்வை வளர்ப்பதற்காக ஜப்பான் அரசு 1972இல் தனிச் சட்டம் இயற்றி நிறுவிய அமைப்பு அது. 2003இல் தன்னாட்சி பெற்ற நிறுவனமாக மாற்றப்பட்ட பின்னும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழேயே இயங்குகிறது. இந்தியாவுக்கான அலுவலகம் புதுடெல்லியில் இருக்கிறது.

ஆனால் அந்த அமைப்பு கல்லூரியில் சீட் தருவதில்லை, வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புவதுமில்லை. அதன் பெயரைச் சொல்லி எவரேனும் முன்பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பட்டப்படிப்புக்கும் முதுகலைக்கும் பலரும் குறிப்பிடும் 'மெக்ஸ்ட்' உதவித்தொகை ஜப்பான் கல்வி அமைச்சகத்துடையது. நம் பகுதி மாணவர்கள் அதற்குச் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். ஃபவுண்டேஷனின் ஆய்வு நிதி, ஜப்பானைப் பற்றி வரலாறு, இலக்கியம் போன்ற கலைத்துறைகளிலும் சமூக அறிவியலிலும் ஆராயும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் அறிஞர்களுக்கும் உரியது. ஆகவே தங்கள் மகள் அந்த வாசலை அடைய இன்னும் சில ஆண்டுகள் ஆகும். வரலாறு படிப்பது அதற்குத் தடையன்று. உண்மையில் அதுவே அவருடைய பலம்.

இப்போதே தொடங்க வேண்டியது மொழி. ஃபவுண்டேஷன் மற்றோர் அமைப்புடன் இணைந்து 1984 முதல் நடத்திவரும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், எளிதான என்5 தொடங்கி மிகக் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள் உள்ளன. சென்னையிலும் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறன்று இது நடக்கிறது. விண்ணப்பம் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். பென்சிலால் வட்டங்களை நிரப்பும் தேர்வு இது. கேட்டல் பகுதியில் ஒவ்வொரு உரையாடலையும் ஒரே முறைதான் ஒலிக்கவிடுவார்கள். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்தாலும், ஒரு பகுதியில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காவிட்டால் தேர்ச்சி கிடையாது. பேச்சுத் தேர்வோ கட்டுரையோ இதில் இல்லை என்பதால், சான்றிதழ் பெற்றும் வாய் திறக்கத் தயங்கும் மாணவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனவே பேச்சுப் பயிற்சி தரும் வகுப்பாகத் தேர்ந்தெடுங்கள். ஃபவுண்டேஷனின் 'மினாடோ' இணையதளத்தில் இலவசப் பாடங்களும் உண்டு.

ஆய்வு வாய்ப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு தாய்க்கு நியாயமான கவலை அது. சென்னையை அடுத்த ஒரகடம், ஸ்ரீசிட்டி தொழிற்பகுதிகளிலுள்ள ஜப்பானிய நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள்; என்2 நிலையை எட்டியவர்களுக்கே அங்கு நல்ல வரவேற்பு. வெறும் என்5 சான்றிதழை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பட்டப்படிப்பை நிறுத்தாமல், வரும் டிசம்பரில் என்5 எழுத விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதோடு, ஜப்பான் வரலாற்றில் எந்தக் காலத்தை ஆராய விரும்புகிறார் என்று ஒரு பக்கம் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதுகலைக்கு எந்தத் துறை பொருந்தும் என்பதை அதைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.