தீவனக் கணக்கைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஊட்டச்சத்தியல் கற்பிக்கிறேன். இரண்டு தீவனங்களை எந்த விகிதத்தில் கலப்பது என்று காட்டும் பியர்சன் சதுரத்தைத் தவறின்றிப் போடுபவர்கள்கூட, "இந்த மாட்டுக்கு என்ன போடலாம்?" என்று விவசாயி கேட்டால் விழிக்கிறார்கள். பாடத்தை எப்படி மாற்றி நடத்துவது?

பதில்: உங்கள் மாணவர்களுக்குக் கணக்கு தெரியாமலில்லை. புத்தகம் தீவனத்தை உலர் பொருளாக, அதாவது ஈரம் நீக்கிய எடையாக, கிலோவில் சொல்கிறது. விவசாயியோ கட்டாகவும் கூடையாகவும் படியாகவும் சொல்கிறார். இந்த இரண்டையும் இணைக்கும் பயிற்சிதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எனவே முதல் செய்முறை வகுப்பை ஆய்வகத்தில் வைக்காமல் கொட்டகையில் வையுங்கள். நான்கைந்து பேருக்கு ஒரு பசு, ஓர் அளவுநாடா, ஒரு தொங்குதராசு போதும். நெஞ்சுச் சுற்றளவு 65 அங்குலம், உடல் நீளம் 60 அங்குலம் என்றால், சுற்றளவை அதே எண்ணாலும் பின்னர் நீளத்தாலும் பெருக்கி 660 ஆல் வகுக்க, எடை ஏறத்தாழ 384 கிலோ என்று வரும். கலப்பினக் கறவைப் பசு பொதுவாகத் தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை உலர் பொருள் உண்ணும் என்பதால், இதற்கு நாளொன்றுக்கு 9.6 முதல் 11.5 கிலோ வரை வேண்டும்.

அடுத்து, காலையில் அறுத்த கம்பு நேப்பியர் புல்லில் 100 கிராமை நறுக்கி, 100 முதல் 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தச் சொல்லுங்கள். சுமார் 20 கிராம் சருகு மிஞ்சும். அதை ஒவ்வொருவரும் உள்ளங்கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 25 கிலோ கட்டு ஒன்றில் 5 கிலோதான் தீவனம், மற்றதெல்லாம் தண்ணீர் என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது. மறுநாள் காலை தொட்டியில் மிஞ்சிய தண்டையும் நிறுத்துக் கழிக்கட்டும். போட்டது வேறு, தின்றது வேறு.

பியர்சன் சதுரத்தை இதற்குப் பிறகு நடத்தலாம். 9 சதவீதப் புரதமுள்ள மக்காச்சோளத்தையும் 42 சதவீதப் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கையும் கொண்டு 18 சதவீதப் புரதமுள்ள 100 கிலோ கலவை தயாரிக்கச் சொன்னால், பெரும்பாலோர் 73க்கு 27 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். தாது உப்புக் கலவை 2 கிலோவுக்கும் சாதாரண உப்பு 1 கிலோவுக்கும் அந்த 100 கிலோவில் இடம் எங்கே என்று கேளுங்கள். மீதி 97 கிலோவே முழுப் புரதத்தையும் தர வேண்டியிருப்பதால் வேண்டிய புரத அளவை எழுதும் சதுரத்தின் நடுவில் 18 அன்று, 18.56 வர வேண்டும். விடை மக்காச்சோளம் 69 கிலோ, புண்ணாக்கு 28 கிலோ. (தவிடு இல்லாத இக்கலவையை எந்த விவசாயியும் போடமாட்டார், வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

தேர்விலும் இதே போக்கு தொடர வேண்டும். அமில நோய்க்கு வரையறை கேட்பதைவிட, "விருந்தில் மிஞ்சிய சோற்றை இரவு ஒரு அண்டா தின்ற பசு காலையில் அசைபோடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, அசையூண் வயிற்றில் என்ன நடந்தது, அடுத்த மூன்று நாட்களுக்குத் தொட்டியில் என்ன போடுவீர்கள்?" என்று கேளுங்கள். மாவுச்சத்து வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகியதைச் சொன்னால் பாதி மதிப்பெண். சோற்றையும் அடர்தீவனத்தையும் (தானியமும் புண்ணாக்கும் கலந்த தீவனம்) நிறுத்தி, வைக்கோல் கொடுத்து, அடர்தீவனத்தைப் பின்னர் சிறிது சிறிதாக ஏற்றுவதாக எழுதியவருக்கே மறு பாதி.