கர்ப்பத்தில் திடீர் வயிற்றுவலி: உங்கள் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 7-வது வாரம். நேற்றிலிருந்து இடப்பக்க அடிவயிறு மட்டும் வலிக்கிறது, லேசாக ரத்தமும் படுகிறது. முதல் ஸ்கேன் அடுத்த வாரம்தான். அதுவரை பொறுக்கலாமா?

வேண்டாம், இன்றைக்கே போங்கள். கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் இப்படித்தான் தெரியவரும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனையும் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். தெளிவாகவில்லை என்றால் 48 மணி நேரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்ப்போம். தலைசுற்றலோ தோள்பட்டை நுனியில் வலியோ வந்தால் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது என்றே எண்ணி உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உங்களுடையது நெகட்டிவ் ரத்த வகை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: 20-வது வாரம். படுக்கையில் புரண்டாலோ தும்மினாலோ தொடை இடுக்கில் சுருக்கென்று இழுக்கிறது.

கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் இழுபடுவதால் வரும் வலிபோலத் தெரிகிறது. சில நொடிகளில் விட்டுவிடும், ஆபத்தில்லை. மெதுவாகத் திரும்பிப் படுங்கள். விடாமல் வலித்தாலோ, காய்ச்சலோ ரத்தப்போக்கோ சேர்ந்தாலோ அது வேறு விஷயம், காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 24-வது வாரம். வலப்பக்கம் வலி, வாந்தி. ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லையாம். எம்ஆர்ஐ எடுத்து, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இங்கே ஆபரேஷனைவிடத் தாமதம்தான் ஆபத்து. கர்ப்பம் குடல்வால் அழற்சியை நன்றாக மறைத்துவிடும். வளரும் கர்ப்பப்பை குடல்வாலை மேலே தள்ளுவதால் வலி வழக்கத்தைவிட உயரத்தில் தெரியலாம். வயிற்றுச்சுவர் விரிந்திருப்பதால் தொட்டுப் பார்க்கும்போது விறைப்பும் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளணு எண்ணிக்கை கர்ப்பத்தில் இயல்பாகவே 15,000 வரை ஏறும், அதை மட்டும் நம்ப முடியாது. வாந்தியை மசக்கை என்று நாமே சமாதானம் செய்துகொள்வோம். ஆனால் 24-வது வாரத்தில் புதிதாக வரும் வாந்தியை மசக்கை என்று விட்டுவிடக் கூடாது.

அல்ட்ராசவுண்டில் குடல்வால் தெரியாததால் மட்டும் அது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, கேடோலினியம் என்ற சாய ஊசி இல்லாமலே எடுக்கலாம். எம்ஆர்ஐ கிடைக்காத இடத்தில் சிடி எடுக்க நேர்ந்தாலும், ஒருமுறை எடுக்கும் சிடியின் கதிர்வீச்சு பொதுவாக 50 மில்லிகிரேக்குக் கீழேதான். அந்த அளவில் குழந்தைக்கு ஊனம் வருவதாகக் காணப்படவில்லை. சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷனை எந்த மாதத்திலும் செய்யலாம். வெடிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் பெரும்பாலும் கர்ப்பம் நல்லபடியாகத் தொடரும். வெடித்துவிட்டால் குழந்தையை இழக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடும். சம்மதம் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: 34-வது வாரம். மேல் வயிற்றில் வலி, கேஸ் மாத்திரை போட்டும் கேட்கவில்லை. தலையும் வலிக்கிறது.

20 வாரத்துக்குப் பிறகு மேல் வயிற்றில், அதிலும் வலது விலா எலும்புக்குக் கீழே வலித்தால், கேஸ் என்று முடிவு கட்டும் முன் பிபி பார்க்க வேண்டும், கர்ப்பகால ரத்த அழுத்த நோயாலும் (ப்ரீஎக்லாம்ப்சியா) இங்கே வலிக்கலாம். 140/90-ஐத் தொட்டாலே சிறுநீரில் புரதம், ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்), கல்லீரல் பரிசோதனை எல்லாம் அன்றைக்கே தேவை. 160/110 என்றால் அவசர சிகிச்சை. தலைவலியும் சேர்ந்திருப்பதால் இரவானாலும் கிளம்புங்கள். பித்தப்பைக் கல்லும் இதே இடத்தில் வலிக்கும், ஆனால் முதலில் பிபி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கேள்வி: வலிக்கு என்ன மாத்திரை போடலாம்?

பாரசிட்டமால், தேவையான அளவு மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம்.

கேள்வி: வயிறு கல்லுபோல் இறுகி, தளரவே இல்லை. ரத்தம் படவில்லை, அதனால் காலையில் போகலாமா?

இப்போதே போங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்தால் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். வண்டியில் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள், குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.