பேச்சுக்கலை வரலாற்றில் முனைவர் பட்டம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மையீர்,

பேச்சுக்கலையின் வரலாற்றையும், பெண்கள் பொதுமேடையேறிய வரலாற்றையும் அமெரிக்காவில் ஆராயப் போகிறேன் என்று உங்கள் மகள் சொன்னதும், மேடைப்பேச்சுப் பழக முனைவர் பட்டம் எதற்கு என்று நீங்கள் கலங்கியது இயல்பே. ஆனால் இது மேடையில் பேசப் பழக்கும் படிப்பன்று. அன்று பேசியவர்களின் சொற்கள் யார் கைவழியாக, எந்த மாற்றங்களோடு நம்மிடம் வந்து சேர்ந்தன என்று துருவிப் பார்க்கும் படிப்பு.

1851 மே மாதம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஏக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில், அடிமை வாழ்விலிருந்து மீண்ட சொஜர்னர் ட்ரூத் பேசினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த மாதமே மேரியஸ் ராபின்சன் தம் பத்திரிகையில் அந்த உரையை வெளியிட்டார். 12 ஆண்டுகள் கழித்து, 1863-இல், மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சஸ் கேஜ் இன்னொரு வடிவத்தை அச்சேற்றினார். "நான் ஒரு பெண் இல்லையா?" என்று இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் கேள்வி கேஜின் வடிவத்தில்தான் திரும்பத் திரும்ப வருகிறது, ராபின்சனின் வடிவத்தில் இல்லவே இல்லை. கேஜ் அவரைத் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் பேச வைத்தார். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, டச்சு மொழி பேசி வளர்ந்தவர். கி.மு. 42-இல் செல்வப் பெண்கள் 1,400 பேர் மீது விதிக்கப்படவிருந்த வரியை எதிர்த்து ரோமில் பேசிய ஹார்டென்சியாவின் உரையும், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாசிரியர் அப்பியன் கிரேக்க மொழியில் எழுதிய வடிவிலேயே நம்மிடம் இருக்கிறது. இத்தகைய இடைவெளிகளில் பொறுமையோடு வேலை செய்வதுதான் இத்துறை, அது மிக அவசியமான வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வேலைவாய்ப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்துறை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று ஆங்கிலத் துறை, மற்றொன்று தகவல்தொடர்புத் துறை. 1914-இல் பேச்சு ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டதன் தொடர்ச்சி இது. முதல் துறையில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதவும், இரண்டாவதில் மேடையில் பேசவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். பல ஆய்வு மாணவர்கள் இதைச் சுமையாக நினைக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் தொடர்ந்து தேவைப்படுகிறார்கள் என்பதால், வரலாறு, தத்துவம் போன்ற மற்ற கலைப்புலத் துறைகளில் ஆய்வு செய்பவர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு பிடிமானம் உங்கள் மகளுக்குக் கிடைக்கும். ஆயினும் நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு, போட்டி கடுமை, ஒப்பந்தப் பணியில் சில ஆண்டுகள் கழியவும் கூடும் என்பதை மறைக்க மாட்டேன். ஆவணக் காப்பகம், பதிப்பகம், தலைவர்களுக்கு உரை எழுதித் தரும் பணி ஆகியவையும் இப்படிப்பு திறந்துவைக்கும் வழிகளே.

ஐந்து ஆறு ஆண்டுகளுக்கு மேலும் நீளக்கூடிய இப்படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். கல்விக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் எழுத்துபூர்வமாக உறுதியானால் மட்டுமே சேரட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, வழிகாட்டப் போகும் பேராசிரியர் இந்தப் பொருளில் என்ன எழுதியிருக்கிறார், அவரிடம் ஆய்வு முடித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பவையே முக்கியம். இரண்டாவது கேள்வியைத் துறையிடமே கேட்கலாம், தயங்க வேண்டாம். பண்டைய காலத்தைத் தேர்ந்தெடுத்தால் கிரேக்கமும் லத்தீனும் கற்க வேண்டியிருக்கும். அதற்கான ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன், ட்ரூத்தின் உரை வடிவங்கள் இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, இருபது பக்கக் கட்டுரை ஒன்றை உங்கள் மகள் எழுதட்டும். அந்த வேலையை அலுப்பில்லாமல் செய்து முடித்தால், விண்ணப்பத்தோடு கேட்கப்படும் எழுத்து மாதிரியும் கையில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்த பிறகு நாம் மூவரும் மீண்டும் பேசுவோம்.