பென்யாஹியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

1979-ல் ஈரானின் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்த விவகாரத்தை வாசிக்கும்போது அல்ஜீரிய வெளியுறவு அமைச்சர் முகமது செத்திக் பென்யாஹியாவின் பெயரைக் கண்டேன். அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் நடுவே தபால்காரர் வேலை பார்த்தவர்தானே? 1982-ல் அவரது விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது யார்? நீங்கள் ஏன் இவரைப் பற்றி எழுதியதே இல்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எழுதாததற்குக் காரணம் சோம்பல். ஈராக் போர் விமானத்தின் ஏவுகணை என்பது அல்ஜீரிய விசாரணையின் முடிவு. தேடினால் கிடைக்கும், அதற்கு நான் எதற்கு?

ஆனால் ‘தபால்காரர்’ என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு சொத்துத் தகராறில் நான் நடுவில் நின்றேன். அண்ணன் சொன்னதைத் தம்பியிடம் அப்படியே ஒப்பித்தேன், தம்பி சொன்னதை அண்ணனிடம். இப்போது இருவருமே என்னிடம் பேசுவதில்லை. தபால்காரர் வேலை பார்த்தது நான்தான் ஐயா, பென்யாஹியா இல்லை.

அவருடைய குழு என்ன செய்தது? அமெரிக்கர்கள் ஒரு யோசனை சொன்னால் வாங்கிக்கொண்டு போகவில்லை. இது ஏன், அது எதற்கு, தெஹ்ரானில் இந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று குடைந்தெடுத்தார்கள். கடைசியில் வந்த காகிதத்தைப் பாருங்கள். அமெரிக்காவும் ஈரானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் அல்ல அது. 1981 ஜனவரி 19 அன்று அல்ஜீரியா தன் பெயரில் வெளியிட்ட அறிவிப்பு. இரு தரப்பும் அதற்குத் தனித்தனியே கட்டுப்பட்டன. பணமும் அப்படித்தான். அமெரிக்கா முடக்கி வைத்திருந்த ஈரானின் பணத்தில் கிட்டத்தட்ட 800 கோடி டாலர் இங்கிலாந்து வங்கியில், அல்ஜீரிய மத்திய வங்கியின் பெயரில் இருந்த கணக்குக்குப் போனது. பிணைக்கைதிகள் 52 பேரும் பத்திரமாகக் கிளம்பிவிட்டார்கள் என்று அல்ஜீரியா சொன்ன பிறகுதான் அது நகர்ந்தது. எதிராளியை நம்ப வேண்டிய அவசியமே இரண்டு பேருக்கும் இல்லை, நடுவில் இருப்பவனை நம்பினால் போதும். 444 நாள் இழுபறி அப்படி முடிந்தது. பிணைக்கைதிகள் அல்ஜியர்ஸில் வந்து இறங்கியபோது பென்யாஹியாதான் அவர்களை அமெரிக்கத் தரப்பிடம் ஒப்படைத்தார்.

இதை அவர் எங்கே கற்றார்? அல்ஜீரியா பிரான்ஸின் பிடியிலிருந்து விடுபடப் போராடிக்கொண்டிருந்த 1960-ல், 28 வயதில், விடுதலைத் தரப்பின் சார்பில் பிரான்ஸோடு பேச அந்நாட்டின் மெலுன் நகருக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர் அவர். அரசு மாளிகையில் கிட்டத்தட்டச் சிறைவைத்தது போல இருக்கச் செய்தார்கள், பத்திரிகையாளர்களைப் பார்க்க விடவில்லை. பேச்சு முறிந்தது. பின்பு பிரான்ஸின் ஏவியான் நகரில் நடந்த விடுதலைப் பேச்சிலும் உட்கார்ந்தார், 1962-ல் நாடு விடுதலை அடைந்தது. வல்லரசின் எதிரே ‘கலகக்காரன்’ என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெஹ்ரான்காரர்களின் முறைப்பு அவருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தானே தகராறில் ஒரு தரப்பாக இருந்து அடிபட்டவன்தான் நல்ல மத்தியஸ்தன் ஆக முடியும் என்பது என் பழைய வாதம். மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

ஜிஜெலில் பிறந்தது, வழக்கறிஞர் படிப்பு, தகவல், உயர்கல்வி, நிதி என்று வகித்த துறைகள் எல்லாவற்றையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

1975-ல் அல்ஜியர்ஸில் உருவான ஈரான்–ஈராக் உடன்பாட்டை 1980-ல் ஈராக் அதிபர் சதாம் உசேன் தூக்கியெறிந்து போருக்குப் போனார். அதைத் தீர்க்கத்தான் பென்யாஹியா அலைந்தார். 1981 மே மாத இறுதியில் மாலியில் அவரது விமானம் விழுந்து பலத்த காயத்தோடு பிழைத்தார். ஓராண்டுகூட ஆகவில்லை, தெஹ்ரானுக்கு மறுபடி விமானம் ஏறினார். அந்த விமானம்தான் 1982 மே 3 அன்று ஈரான்–துருக்கி எல்லை அருகே வீழ்த்தப்பட்டது. வயது 50.

அடுத்த கடிதத்தில் ஏவியானைப் பற்றிக் கேளுங்கள். அதற்குள் அந்த அல்ஜியர்ஸ் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். ரொம்ப நீளமில்லை.